முன்னே நிற்பவள்

பாவூர்சத்திரத்தில் நின்று மேற்கே பார்த்தால் குற்றால மலை. மலைக்கு முன்னே வயல், வயலில் பெண்கள். பழைய ஸ்டீரியோ படக்காரர்கள் தேடியலைந்த காட்சி இதுதான்.

ஒரே காட்சியைச் சற்றே விலகிய இரு புள்ளிகளிலிருந்து எடுத்து, ஓர் அட்டையில் அருகருகே ஒட்டுவார்கள். கண்ணாடி வில்லைகள் வழியே பார்த்தால் இரண்டும் ஒன்றாகி ஆழம் தெரியும். தூரத்து மலை மட்டும் இருந்தால் ஆழம் வராது. அருகில் ஏதாவது நிற்க வேண்டும். ஒரு மரம், ஒரு மாடு அல்லது குடம் சுமந்த ஒரு பெண்.

1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் காட்சிகளை ஸ்டீரியோ தொகுப்புகளாக வெளியிட்டார். 1907இல் அமெரிக்காவின் அண்டர்வுட் நிறுவனம், ஜேம்ஸ் ரிக்கல்டனின் நூலோடு 100 இந்தியக் காட்சிகளை விற்றது. இன்று இவற்றைச் சேகரிப்பவர்கள் எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் ஊரையும் விசாரிக்கிறார்கள். விலையும் அதைப் பொறுத்ததே. படத்துக்கு ஆழம் தந்தவளின் பெயரை யாரும் கேட்பதில்லை.

நம் சிற்றூர் ஸ்டூடியோக்களில் எடுத்தவை பெரும்பாலும் ஒற்றைப் படங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு அத்தகைய படங்களைத் தேடி ஆவணப்படுத்தியது. வீட்டுப் பெட்டிகளில் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. பின்பக்கம் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். ஆச்சியின் பெயர் இராது.

திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் மூத்த பெண்களிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். யார் மகள், எந்த வயலில் நாற்று நட்டாள் என்று சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே பென்சிலால் பின்பக்கம் எழுதிவைப்போம்.