பத்து றொட், ஒரு பரப்பு

லூயிஷாம் ஹைஸ்ட்ரீற் சந்தையில் வெங்காயம் வாங்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது விலையைத்தான். எந்த மண்ணில் விளைந்தது, யார் நட்டார்கள், அவர்கள் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகள் எங்களுக்கு எழுவதில்லை. வெங்காயத்தால் நிமிர்ந்து, வெங்காயத்தாலேயே விழுந்த ஒரு மண்ணிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அதை நினைக்கும்போது இந்த மறதி கொஞ்சம் உறுத்துகிறது.

நாங்கள் நிற்கும் இந்த நிலத்துக்கும் ஒரு வெங்காயக் கதை உண்டு. 1965 இல் லூயிஷாமுடன் இணைக்கப்பட்ட டெப்ற்போர்ட், ஒரு காலத்தில் லண்டனுக்கு மரக்கறி கொடுத்த தோட்டப்பகுதி. அதன் வெங்காயமும் அஸ்பரகஸும் பேர்போனவை. நகரத்துக் குதிரை லாயங்களின் எரு தோட்டங்களுக்கு வரும்; தோட்டங்களின் விளைச்சல் நகரத்துக்குப் போகும். டெப்ற்போர்ட்டின் சேயஸ் கோர்ட் மாளிகையில் நீண்டகாலம் வாழ்ந்த ஜோன் ஈவ்லின் பச்சை மரக்கறி உணவு பற்றி 1699 இல் ஒரு நூலே எழுதினார். 1836 இல் டெப்ற்போர்ட்டுக்கு ரயில் வந்தது. 1849 இல் லூயிஷாமுக்கு வந்தது. ரயிலைத் தொடர்ந்து வீடுகள் வந்தன. இன்று நாங்கள் வாடகை கொடுக்கும் வரிசை வீடுகள் பலவற்றின் அடியில் தோட்டங்களும் வயல்களும் கிடக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குக் கீழே மழை சேர்த்து வைத்த நீர்தான் எங்கள் ஆறு. கிணறு வெட்டி, துலா மிதித்து, பட்டையால் இறைத்து, ஆட்டுப்பட்டி அடைத்து, குழை தாழ்த்தி அந்தச் செம்பாட்டு மண்ணைத் தோட்டமாக்கினார்கள். முதலில் புகையிலை, அது திருவிதாங்கூர்வரை போனது. அந்தச் சந்தை சுருங்கியபின் மிளகாயும் வெங்காயமும் மேலோங்கின.

1970 இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு, அந்நியச் செலாவணி இல்லாத நெருக்கடியில் உணவு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் முன்னர் காணாத விலை கிடைத்தது. கல்வீடுகள் எழுந்தன, சுன்னாகம் சந்தை லொறிகளால் நிறைந்தது. தரப்படுத்தலால் எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கதவைச் சாத்திய அதே அரசுதான் எங்கள் தோட்டக்காரனின் மடியில் காசும் வைத்தது. இந்த முரணை எங்கள் அரசியல் வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 1977 இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா அரசு திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. கப்பலில் மலிவு மிளகாயும் வெங்காயமும் வந்திறங்கின. கொழும்பில் வாங்கியவர்களுக்கு அது நல்ல காலம். வலிகாமத்தில் இறைப்புச் செலவுக்கே விலை கட்டவில்லை. ஒரு தலைமுறை இளைஞர் தோட்டத்தில் நம்பிக்கை இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு போர். 1990 இலிருந்து பொருளாதாரத் தடை. பசளை இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தாலும் கைக்கெட்டாத விலை. மிசின் நின்ற இடங்களில் மீண்டும் கையால் நீர் இறைத்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுதும் வீதிக்கு வந்தது. வலிகாமம் வடக்கில் வளமான செம்பாட்டுக் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போர் முடிந்தபின் அவற்றில் ஒரு பகுதி கட்டங்கட்டமாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது; எல்லாம் அல்ல.

'எங்கள் தோட்டம்' என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தறைகளைக் கொத்தியவர்களும் துலா மிதித்தவர்களும் எல்லோரும் காணிக்காரர் அல்லர். சாதியால் நிலம் மறுக்கப்பட்டவர்கள் கூலிக்கும் குத்தகைக்கும் உழைத்தார்கள். பயிருக்கு நீர் இறைத்த கையே அதே கிணற்றில் குடிக்க அள்ளமுடியாத கிராமங்கள் இருந்தன. மண் மணத்தைப் பற்றி உருகுகிறவர்கள் இதை மறைத்தால் அந்த உருக்கம் பாதிப் பொய்.

அந்தத் தோட்டங்கள் இயற்கையோடு இயைந்தவையாகவே இருந்தன என்பதும் முழு உண்மையல்ல. மிசினும் உரமும் வந்தபின் அளவுக்கு மேல் இறைத்தோம், அளவுக்கு மேல் கொட்டினோம். கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. அதற்காக ஒரே இரவில் பழைய காலத்துக்குத் திரும்பவும் முடியாது. 2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, விளைச்சல் விழுந்து, அந்த ஆண்டு முடியுமுன்பே பின்வாங்கியது. கமக்காரனைக் கேட்காமல் போட்ட சட்டம் அது.

இங்கே 1908 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நிலமற்ற உழைப்பாளருக்குச் சிறு தோட்டத்துண்டுகளைக் குத்தகைக்குக் கொடுப்பதை உள்ளூராட்சிச் சபைகளின் கடமையாக்கியது. இரண்டாம் உலகப்போரில் பூங்காக்களும் தோட்டங்களாயின. லூயிஷாமிலும் அத்தகைய துண்டுகள் இன்றும் உண்டு. காத்திருப்போர் பட்டியல் நீளம். முழுத்துண்டு ஒன்றின் வழமையான அளவு பத்துச் சதுர றொட். றொட் என்பதும் பேர்ச் என்பதும் ஒரே அளவுதான். பத்துப் பேர்ச் எங்கள் தோட்டக் கணக்கில் ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஆங்கிலத் தொழிலாளிக்குப் போதும் என்று அளந்த நிலமும், ஊரில் உறுதியில் எழுதிய ஒரு பரப்பும் ஒரே அளவு!

எங்களில் சிலர் அந்த ஒரு பரப்பில் இப்போது கீரையும் பூசணியும் வெங்காயமும் வைக்கிறார்கள். அதனால் ஒரு குடும்பத்துக்கு வருடச் சாப்பாடு வராது. முருங்கைக்காய் விமானத்தில்தான் வரும்; அதை நாங்கள் விடப்போவதுமில்லை, அதற்குப் பின்னாலும் ஒரு தோட்டக்காரன் இருக்கிறான். ஆனால் வெங்காயம், உருளைக்கிழங்கு, கோவா, கரட், லீக்ஸ் எல்லாம் கென்ற் மண்ணில் விளைபவை. ஞாயிறுகளில் பிளாக்ஹீத்தில் விளைவித்தவர்களே கொண்டுவந்து விற்கிறார்கள். விலை கூடத்தான். இரவு வேலை செய்து வாடகை கட்டுபவர்களிடம் எப்போதும் அங்கே வாங்குங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனாலும் மலிவான வெங்காயம் யாரை விழுத்தும் என்பதைப் பிறர் சொல்லி நாங்கள் அறியவேண்டியதில்லை. 1977 இல் கொழும்பில் மலிவாக வாங்கியவர்கள் கெட்டவர்கள் அல்லர்; வலிகாமத்தை அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். இன்று வாங்குகிற இடத்தில் நாங்கள் நிற்கிறோம். மாதத்தில் ஒரு தடவையாவது, விளைவித்தவரின் முகத்தைப் பார்த்து, அவர் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்கலாம்.