கண்ணாடி வீட்டைக் கழுவ எவ்வளவு?

கார்டன் ரீச் என்றால் கொல்கத்தாக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கப்பல் கட்டும் தளம். அடுத்தது தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். கொஞ்சம் சரித்திரம் படித்தவர்கள், ராஜ்ஜியத்தை இழந்து 1856-ல் இங்கே வந்து மட்டியாபுர்ஜில் குடியேறிய அவத் நவாப் வாஜித் அலி ஷாவைச் சொல்வார்கள். சாப்பாட்டுப் பிரியர்கள், அவரோடு வந்து கொல்கத்தா பிரியாணியில் உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லப்படும் உருளைக்கிழங்கைச் சொல்வார்கள் :-)

நான் சொல்லப்போவது வேறு சமாச்சாரம். இந்தக் கரைக்கும், இங்கிலாந்தில் நம்மவர்கள் பலர் செய்யும் ஒரு சிறு தொழிலுக்கும் உள்ள உறவு. கண்ணாடி அறைகளைக் கழுவிக் கொடுக்கும் தொழில்.

க்ராய்டன், லெஸ்டர் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: அங்கே பல வீடுகளின் பின்புறம் கண்ணாடிச் சுவரும் கண்ணாடிக் கூரையுமாக ஓர் அறையை ஒட்டவைத்திருப்பார்கள். பெயர் கன்சர்வேட்டரி. நாலு மழைக்காலம் போனால் கூரையில் பாசி, சட்டங்களில் கறுப்பு, கால்வாயில் இலைக்குப்பை. ஒரு வேன், நீளமான குழாய்த் தூரிகை, சுத்திகரித்த தண்ணீர் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். கஷ்டமெல்லாம் "எவ்வளவு கேட்பது?" என்ற இடத்தில்தான். சிறு தொழில் கடன் பார்ப்பது என் வேலை என்பதால் உறவுக்காரர்கள் இந்தக் கேள்வியை என்னிடம் போடுவார்கள். அதற்கான பதிலைத் தேடினால் அது சுற்றிச் சுற்றி இந்த ஹூக்ளிக் கரைக்கே வந்து நிற்கிறது.

எதிர்க்கரையிலிருந்து போன செடி

கார்டன் ரீச் படித்துறையில் நின்றால் எதிரே சிப்பூர் தாவரவியல் பூங்கா. ராபர்ட் கிட் 1787-ல் தொடங்கியது. இந்தப் பக்கம் கம்பெனிக் கனவான்களின் தோட்ட வீடுகள். அந்தப் பக்கம் கம்பெனியின் தோட்டம்.

1836-ல் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரர் கல்கத்தா வந்து இறங்கினார். அனுப்பியவர் டெவன்ஷயரின் ஆறாம் பிரபு. அவருக்கு முக்கியமாக வேண்டியது ஒரே மரம். பர்மாவிலிருந்து வந்து, பூங்காவின் தலைவர் நத்தானியேல் வாலிச் பெயர் வைத்த ஆம்ஹெர்ஸ்டியா. சிவப்புச் சரமாகத் தொங்கும் பூ.

ஆறு மாதக் கடல் பயணத்தில் செடி எப்படிப் பிழைக்கும்? அதற்கு லண்டன் டாக்டர் நத்தானியேல் வார்ட் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டி இருந்தது. உப்புக் காற்று உள்ளே போகாது, ஈரம் வெளியே போகாது, வெளிச்சம் மட்டும் போகும். 1833-ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு அனுப்பிச் சோதித்துவிட்டார்கள். கிப்சன் 1837-ல் ஆம்ஹெர்ஸ்டியாவோடும் ஏராளமான ஆர்க்கிட்களோடும் ஊர் திரும்பினார்.

பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் அப்போது ஜோசப் பாக்ஸ்டன் ஒரு பிரம்மாண்டமான கண்ணாடி வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நீளம் 277 அடி, அகலம் 123 அடி, உயரம் 67 அடி. உள்ளே குதிரை வண்டி ஓட்டலாம். சூடேற்ற நிலத்தடியில் 8 பாய்லர்கள். மொத்தச் செலவு 33,099 பவுண்டு என்று கணக்கு இருக்கிறது. நம் கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? தரைப்பரப்பு 34,071 சதுர அடி. சதுர அடிக்கு ஏறக்குறைய 19 ஷில்லிங்.

ஆனால் கட்டும் செலவு ஒரு தடவையோடு முடிந்துவிடும். நிலக்கரி, பெயிண்ட், உடைந்த கண்ணாடி, கழுவும் கூலி எல்லாம் வருஷா வருஷம் வரும். முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்கவில்லை. செடிகள் குளிரில் செத்தன. 1920-ல் வெடி வைத்து அந்த வீட்டையே தகர்த்துவிட்டார்கள். அதைக் கட்டும் அளவுக்குப் பணம் இருந்த குடும்பத்தாலும் பராமரிப்புச் செலவைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கழுவுகிறவன் கேட்கும் காசு அநியாயம் என்று முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

(நம் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. வங்காள வெயிலில் செடிக்கு வேண்டியது சூடு இல்லை, நிழல். கம்பி வலையும் கொடியும் போதும்.)

பாக்ஸ்டன் போட்ட கணக்கு

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி இருந்தது. 1845-ல் அது போனது. 1851-ல் ஜன்னல் வரியும் போனது. பிரபுக்களின் சொத்தாக இருந்த கண்ணாடி வீடு மெல்ல மெல்ல நடுத்தரக் குடும்பத்துக்கு இறங்கி வந்தது.

அந்த 1851-ல்தான் லண்டன் ஹைட் பார்க்கில் பாக்ஸ்டனின் கிரிஸ்டல் பேலஸ். ஏறத்தாழ மூன்று லட்சம் கண்ணாடித் தகடுகள். கூரைக் கால்வாய்களின் மேலேயே ஓடும் தள்ளுவண்டிகளை அவர் செய்துவைத்தார். ஆட்கள் அதில் உட்கார்ந்தபடியே கண்ணாடி பொருத்தினார்கள். ஒரு வாரத்தில் 80 பேர் 18,892 தகடுகள். ஆளுக்கு வாரத்துக்கு 236. ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 39.

விலை போடும் வித்தையின் முதல் பாடம் இதுதான். "எவ்வளவு பெரிய கட்டடம்" என்று மட்டும் பார்த்தால் போதாது. "ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு முடிப்பான், எந்தச் சாதனத்தோடு" என்று கேட்க வேண்டும். ஏணியும் வாளியுமாக வேலை செய்பவருக்கும் தரையில் நின்று குழாய்த் தூரிகையால் கழுவுபவருக்கும் ஒரே ரேட் எப்படிப் பொருந்தும்?

இரண்டாம் பாடம், ஃபாக்ஸ் ஹெண்டர்சன் என்ற ஒப்பந்தக்காரர்களுடையது. அவர்கள் கொடுத்த டெண்டரில் இரண்டு தொகைகள். கட்டடம் உங்களுக்கே என்றால் 1,50,000 பவுண்டு. கண்காட்சி முடிந்தபின் இரும்பும் கண்ணாடியும் எங்களுக்கு என்றால் 79,800. ஒரே வேலைதான். நிபந்தனை மாறியதும் விலை பாதியாகிவிட்டது. நீங்களும் ஒரே தொகையைச் சொல்லிவிட்டுப் பேரத்துக்கு நிற்காதீர்கள். முதல் தடவைப் பாசி நீக்கலுக்கு ஒரு விலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஒப்புக்கொண்டால் இன்னொரு விலை என்று எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் குறைக்கச் சொன்னால் வேலையின் அளவும் சேர்ந்து குறையட்டும்.

அதே ஃபாக்ஸ் ஹெண்டர்சன் 1856-ல் நொடித்துப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வாங்குவது ஒன்று, பணப்புழக்கம் வேறொன்று.

தரையை அளக்காதீர்கள்

இப்போது நம் வேலைக்கு வருவோம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள ஒரு கன்சர்வேட்டரி. தரை 12 சதுர மீட்டர். "சின்னதுதானே" என்பார் வீட்டுக்காரர். மூன்று பக்கச் சுவர் 2.1 மீட்டர் உயரம் என்றால் 21 சதுர மீட்டர். சரிந்த கூரை சுமார் 13.5. ஆக 34.5. உள்ளும் புறமும் கழுவினால் 69. தரையைப் போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு!

அடுத்தது மணிக்கணக்கு. ஐக்கிய ராஜ்ஜியத்தில் 2025 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வருஷத்தில் 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு; அதற்கு 12.07 சதவீதம் சேர்த்தால் 13.68. எட்டு மணி நேரத்துக்கு 109.44.

அந்த எட்டு மணியில் எத்தனை மணிக்கு வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார்? பயணம், தண்ணீர் நிரப்புதல், விலை சொல்லப் போய்வருதல் எல்லாம் போக ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம். 109.44-ஐ ஐந்தால் வகுத்தால் 21.89. வேன், டீசல், காப்பீடு, தேய்மானம் எல்லாம் நாளைக்கு 30 பவுண்டு என்று வைத்தால் மணிக்கு இன்னும் 6. ஆக 27.89. அதன்மேல் 20 சதவீத லாபம் வைத்தால் 33.47. மூன்று மணி வேலைக்கு 100 பவுண்டு.

30, 5, 20 எல்லாம் உதாரணத்துக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, காமர்ஸ் படித்தவர்களும் சறுக்கும் இடம்: அடக்கத்தின் மேல் 20 சதவீதம் என்பது விற்பனை விலையில் 16.67 சதவீதம்தான். நூறு பவுண்டுக்கு இருபது மிச்சம் என்று நினைத்துச் செலவு செய்தால் துண்டு விழும்.

கூரையில் ஏறி நிற்காதீர்கள் என்பதும் விலைக் கணக்கில் சேர்ந்ததுதான். 2005-ல் வந்த விதிகளின்படி உயரத்தில் செய்யும் வேலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும். தரையிலிருந்து எட்டாத கூரைக்கு ஆகும் கூடுதல் சாதனச் செலவைத் தனி வரியாகவே போடுங்கள்.

ஐந்து ரூபாய், ஐந்து வருஷம்

திரும்பவும் ஹூக்ளிக் கரை. கிப்சன் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1834 செப்டம்பரில், கல்கத்தாவில் 36 மலைவாழ் மக்கள் ஓர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ வேலை. ஆண்களுக்கு மாதம் 5 ரூபாய். 'அட்லஸ்' என்ற கப்பலில் ஏறி நவம்பரில் அங்கே இறங்கினார்கள். விலைவாசி ஏறினாலும் அதே ஐந்து. பின்னாளில் அந்தத் தீவில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் வழக்கமும் வந்தது.

அப்புறம் இதே கார்டன் ரீச் கரையில் ஆள் சேர்த்து வைக்கும் டிப்போக்கள் வந்தன. 1873-ல் சூரினாமுக்கு, 1879-ல் ஃபிஜிக்கு முதல் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தே போயின. சூரினாம் காட் என்ற படித்துறைப் பெயர் இன்றும் இருக்கிறது. 2015-ல் அங்கே ஒரு நினைவுச் சின்னமும் வைத்தார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து போனவர்கள். 1860-ல் 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குப் போனவர்களுக்கு மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. கொத்தடிமைக்கு ஒரு படி மேலே இருந்த அந்தக் காகிதத்தில்கூட ஆண்டு உயர்வு என்று ஒரு வரி இருந்தது.

அந்தச் செடிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருந்த செடிக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு ஈரம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அதே ஆற்றில் கப்பலேறிய மனுஷனின் நேரத்துக்கு விலையை எதிராளி வைத்தான். அவர்களுக்கு மறுக்க வழி இருக்கவில்லை.

நமக்கு இருக்கிறது. அதனால்தான், நான் பார்க்கும் சிறு தொழில் கணக்குகளில் அடிக்கடி தென்படும் ஒன்று மனதை உறுத்துகிறது. டீசல் இருக்கும், சோப்புத்தூள் இருக்கும், வேன் தவணை இருக்கும். முதலாளியின் சொந்த உழைப்பு இருக்காது. சனிக்கிழமை கூடவே போய் வாளி தூக்கும் மனைவியின் நேரம் இருக்காது. காலேஜ் படிக்கும் பையன் கொட்டேஷன் டைப் அடித்த நேரமும் இருக்காது. "வீட்டு ஆள்தானே" என்று பூஜ்யம் போட்டு, அந்தப் பூஜ்யத்தால் கிடைத்த மலிவு விலையைப் போட்டி என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த விலையில் வாடிக்கையாளர் பழகிவிட்டால், அடுத்து ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. மனைவிக்கு முதுகுவலி வந்தால் தொழிலே நிற்கும்.

ஆகவே, வருஷக் காண்ட்ராக்ட் எழுதும்போது இரண்டு விஷயம் இருக்கட்டும். ஒன்று, ஒவ்வொரு ஏப்ரலிலும் கூலி உயர்வை ஒட்டி ரேட் திருத்தப்படும் என்ற வரி. இரண்டு, அடக்கக் கணக்கில் வீட்டில் உழைக்கும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக மணியும் தொகையும். அந்தத் தொகையை எடுத்துக்கொள்வதும் தொழிலிலேயே விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் கொட்டேஷனில் அது இருந்தாக வேண்டும். அதையும் கொடுத்தபிறகு மிஞ்சுவதற்குத்தான் லாபம் என்று பெயர்.