மோரிப் கடலுக்கு அப்பால்: ஆழத்தில் இருக்கும் 'நடு அடுக்கு' ஏன் மாறுகிறது?

பந்திங்கில் இருப்பவர்களுக்குக் கடல் என்றாலே மோரிப்தான். தண்ணீர் வற்றினால் சேறு, ஏறினால் அலை. மலாக்கா நீரிணையின் தெற்குப் பகுதியில் ஆழம் பெரும்பாலும் 40 மீட்டரைக்கூடத் தாண்டாது. ஆனால் வடமேற்கே போகப் போக ஆழம் கூடி, அந்தமான் கடலில் ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடும். நம்ம கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தில் நடப்பதும் நம்ம கரையைத் தொடுகிறது. எப்படி?

நடு அடுக்கு என்றால் என்ன?

கடல் மேலிருந்து கீழ்வரை ஒரே தண்ணீர் கிடையாது. வெப்பநிலையும் உப்பும் மாறினால் அடர்த்தி மாறும். கனமான நீர் கீழே போகும். ஏறக்குறைய 500 முதல் 1,500 மீட்டர் ஆழத்தில் இருப்பதை 'இடைநிலை நீர்' என்கிறார்கள்.

இது எங்கிருந்து வருது?

இந்தியப் பெருங்கடலில் இரண்டு முக்கிய வரவுகள் உண்டு. ஒன்று, அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் மூழ்கி வடக்கே பரவும் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். மற்றொன்று செங்கடல் நீர். கடுமையான வெயிலில் ஆவியாகி, அங்கே ஒரு கிலோ நீரில் சுமார் 40 கிராம் உப்பு சேர்கிறது. உலகக் கடல்களின் சராசரி 35 கிராம்தான்.

சரி, ஏன் மாறுகிறது?

மூழ்கும் இடத்தில் மழை கூடினாலோ, பனி உருகினாலோ, காற்று திசை மாறினாலோ, அந்த நீரின் குணமும் மாறும். மாறிய நீர் தூரத்துக் கடல்களை எட்டப் பல ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள் ஆகும். அதாவது, ஆழத்தில் இன்று இருக்கும் நீர் பழைய வானிலையின் பதிவு.

1999-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, 1960-களின் அளவீடுகளை 1985–1994 அளவீடுகளோடு ஒப்பிட்டது. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் இடைநிலை நீரில் உப்பு குறைந்திருந்தது. நீர் உருவாகும் குளிர்ப் பகுதிகளில் மழை கூடியதையே அது காரணமாகக் காட்டியது.

நமக்குப் பக்கத்திலும் ஒரு வழி இருக்கு. இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே பசிபிக் நீர் இந்தியப் பெருங்கடலுக்குப் பாய்கிறது. 2004 முதல் 2006 வரை நடந்த அளவீட்டில், அது வினாடிக்குச் சுமார் 1.5 கோடி கன மீட்டர். எல் நினோ காலத்தில் இந்த ஓட்டம் பொதுவாகத் தளரும். லா நினாவில் வலுக்கும்.

இதை எப்படி அளக்கிறார்கள்?

'ஆர்கோ' மிதவைகள் மூலம். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகள் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதக்கின்றன. சுமார் 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பநிலையையும் உப்பையும் அளந்து, துணைக்கோளுக்கு அனுப்புகின்றன.

இதனால நமக்கென்ன?

புவி வெப்பமாவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. சூடான நீர் விரிவடையும், கடல்மட்டம் உயரும். கோலா லங்காட் கரையோரத் தாழ்நிலங்களில் ஊரையும் செம்பனைத் தோட்டங்களையும் காப்பது கரைத் தடுப்புகள்தான். பெரும் அலைப்பெருக்கு நாளில் சில சென்டிமீட்டர் கூடினாலே, தண்ணீர் தடுப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மாறிவிடும்.

மேல்நீர் சில மாதங்களில் ஆறலாம். நடு அடுக்கில் இறங்கிய வெப்பம் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. இன்று வெளியிடும் புகையைக் குறைத்தாலும், ஏற்கனவே உள்ளே போன வெப்பத்துக்கு ஏற்பத் தடுப்புகளை உயர்த்தும் வேலை நமக்கு மிச்சம் இருக்கும்.