கண்ணாடித் தொட்டிக்கு வந்த சூரியன்

பாப்பாரப்பட்டியிலிருந்து கிழக்கே கிளம்பினால் கடலைப் பார்க்க ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும். சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வந்து தங்கி 1925-ல் கண்மூடிய ஊர் அது. அந்தத் தர்மபுரி மாவட்டத்து ஊரில் பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்தான். நகைப் பவளம் மத்தியதரைக் கடலின் மங்கலான ஆழத்தில் வளர்வது. வெயிலை அது எதிர்பார்ப்பதில்லை. முருகைக்கல் என்னும் பவளப்பாறையைக் கட்டும் பவள உயிரியின் சங்கதி வேறு. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது; அந்த உணவில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. அதைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க நினைத்தவர்கள் தண்ணீருக்கு உப்பைக் கலந்துவிட்டார்கள், அலைக்கு மோட்டார் வைத்துவிட்டார்கள். சூரியனுக்கு என்ன செய்வது என்பதில்தான் பல காலம் திண்டாடினார்கள்.

மீனை மட்டும் வளர்த்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. 1909 அக்டோபர் 21 அன்று சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் ஒன்று திறந்தார்கள். யோசனை ஆளுநர் ஆம்ப்தில் பிரபுவுடையது. உருக்கொடுத்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். கடல் பக்கத்திலேயே இருந்தது. மீனுக்கு, பார்க்க வந்தவர் கண்ணுக்குத் தெரிகிற அளவு வெளிச்சம் போதும். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் அந்தக் காட்சியகத்தை மூடினார்கள்.

உயிருள்ள பவளத்தை வீட்டுத் தொட்டியில் வளர்த்துக் காட்டியவர்களில் முன்னோடி ஜகார்த்தாவின் லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த கல், கடல் தண்ணீர், மெல்லிய காற்றுக் குமிழி, வெயில். அவ்வளவுதான் அவருடைய ஏற்பாடு. அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் 1961-ல் அவர் அதை எழுதினார். நிலநடுக்கோட்டுப் பக்கத்து வெயில் அவருக்கு ஓசி. குளிர்காலத்தில் சூரியனையே காணாத ஜெர்மனிக்காரர் என்ன செய்வார்? நீல ஒளி தரும் டியூப்லைட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு மெட்டல் ஹாலைடு விளக்கு வந்தது. விளையாட்டு மைதானங்களில் எரிகிற சாதி. ஒரு பல்புக்கு 250 வாட், 400 வாட். பவளம் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் தண்ணீர் சூடேறியது. அதைக் குளிர்விக்கத் தனியாக ஒரு சில்லர். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை பல்பையும் மாற்ற வேண்டும். ஐரோப்பாவில் இது செலவு மட்டுமே. தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் இப்படி ஒரு விளக்கைத் தொட்டிக்கு மேல் மாட்டுவது பவளத்தை அவித்தெடுக்கிற வேலை.

முட்டுக்கட்டை நீங்கியது மீன்வளர்ப்பவர்களால் அல்ல. சிவப்பு எல்.இ.டி. 1960-களிலேயே வந்துவிட்டது, பளிச்சென்ற நீலம்தான் வரவில்லை. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா 1993-ல் அதைச் சாதித்தார். இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் இதை வெள்ளை பல்புக்கான வழியாகப் பார்த்தது. பவளம் வளர்ப்பவர்களுக்கோ அந்த நீலமே போதுமானதாக இருந்தது. தெளிந்த கடலில் சிவப்பு ஒளி சில மீட்டரிலேயே மங்கிவிடும், ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான். பவளத்துக்குள் இருக்கும் பாசியும் அந்த ஒளிக்கே பழகியது. 450 நானோமீட்டர் அளவிலான 'ராயல் புளூ' அதற்குக் கச்சிதம்.

2000-களின் நடுவில் அமெரிக்காவில் 'ஸோலாரிஸ்' என்ற எல்.இ.டி. விளக்கு கடைக்கு வந்தது. விலையோ ஆயிரக்கணக்கான டாலர். சில ஆண்டுகளில் காப்புரிமைத் தகராறில் சந்தையை விட்டே போனது. கடையில் கிடைக்காததைக் கையால் செய்யும் பழக்கம் அப்போதுதான் சூடுபிடித்தது. அலுமினிய ஹீட்சிங்க் ஒன்று, அதன்மேல் நட்சத்திர வடிவச் சில்லில் பதித்த மூன்று வாட் எல்.இ.டி.கள், நடுவே வெப்பப் பசை, வரிசையாகச் சால்டர் செய்த கம்பி, மின்னோட்டத்தை ஒரே அளவில் வைக்கும் டிரைவர். பன்னிரண்டு எல்.இ.டி.யைத் தொடராக இணைத்தால் சுமார் 40 வோல்ட் கேட்கும். 48 வோல்ட் டிரைவர் ஒன்று அதை இழுத்துவிடும். சூடு தண்ணீருக்குள் இறங்காமல் முதுகுப்பக்க அலுமினியத்துக்கு ஏறிவிடுகிறது, ஒரு சின்ன மின்விசிறி அதை வெளியே தள்ளுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

சாமான்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பாப்பாரப்பட்டிக்காரருக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு இன்னும் பக்கம். கெடுதல் வருவது வேறு இடத்தில். உப்புக் காற்று சால்டர் வைத்த இடத்தை அரிக்கும், உப்புத் தண்ணீருக்கு மேலே மின்கம்பி தொங்கும், எர்த்தும், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடவே கூடாது. முதல் நாளே முழு வெளிச்சத்தைப் போட்டால் பவளம் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். குறைவாக ஆரம்பித்து வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கை வெறும் பணக்கார விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. 1999-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் அறிவித்த சிவப்பு ஒளிர்புரதம், மாஸ்கோவில் மீன்தொட்டியில் வளர்ந்த பவள இனத்து உயிரி ஒன்றிலிருந்து எடுத்ததுதான். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் செல்களுக்கு அடையாளம் இட அதன் வழிவந்த புரதங்களும் பயன்படுகின்றன.

தமிழ்நாட்டில் விளக்கு கட்டுவது சுலபமாகிவிட்ட வேளையில், அதன் கீழே எதை வைப்பது என்பது சட்டக் கேள்வியாகிவிட்டது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி இருந்த முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல காலம் வெட்டியெடுத்தார்கள். விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 1986-ல் அந்தப் பகுதி மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி எஞ்சிய பவளமும் வெளுத்தது.

கோமாளி மீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையமும் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கக் கற்றுவிட்டன. விளக்குக்குச் செலவழித்தவர் மீன் வாங்கும்போது எந்தப் பொரிப்பகத்து மீன் என்று கேட்டு வாங்கலாம். 'ராமேஸ்வரத்துக் கல், உயிரோடு இருக்கிறது' என்று யாராவது விலை சொன்னால் தொடாமல் வந்துவிட வேண்டும்: முதல் அட்டவணை உயிரிக்குக் குறைந்தபட்சத் தண்டனை மூன்று ஆண்டு சிறை.