முடிச்சு முன்னாலா, பின்னாலா? பிரசவ உடுப்பின் கதை

பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போகும் பெண்ணிடம் ஒரு லிஸ்ட் இருக்கும். முன்பக்கம் திறக்கும் நைட்டி, சீத்தைத் துணி, பிள்ளைக்கு வெள்ளைப் பருத்தித் துணி, பேட், சோப்பு, சுடுதண்ணிப் போத்தல். வீட்டில் மாமியார் ஒன்று சொல்லுவார், அம்மா இன்னொன்று சொல்லுவார், ஏற்கனவே பெற்ற அக்கா மூன்றாவதாக ஒன்று சொல்லுவார். "பழசா ஒன்னக் கொண்டு போ, எப்படியும் பாழாப் போகும்" என்பதில் மட்டும் மூவரும் ஒத்துப்போவார்கள்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பிள்ளை பெறுகிற நேரத்தில் உடுப்பையா யோசிக்கிறது? ஆனால் ஒரு பெண் தன் வாழ்நாளில் மிக வேதனையான, மிகப் பெரிய நாளில் எதை உடுத்துகிறாள் என்பதை இதுவரை யார் யாரோ தீர்மானித்து வந்திருக்கிறார்கள். அவள் தீர்மானித்தது அபூர்வம். அந்த 'யார் யாரோ'வைத் தேடிப் பார்த்தால் சாதி, தோட்டம், மருத்துவம், அரசு என்று எல்லாமே அந்த ஒரு துணிக்குள் சுருண்டு கிடப்பது தெரியும்.

முதலில் ஊர்ப் பழக்கத்தில் இருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைப்பேறு தீட்டுக்குரியதாகவே பார்க்கப்பட்டது. பேறு பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண். தீட்டுத் துணியை எடுத்துப் போய் வெளுத்தவர்கள் வண்ணார் சமூகத்தவர். தீட்டுக் காலத்தில் உடுத்துவதற்கு வண்ணார் வீட்டிலிருந்து வரும் துணிக்கு 'மாத்து' என்று ஒரு பெயரே இருந்தது. ஆகவே அந்த நேரத்தில் பெண் உடுத்தியது அவளுடைய விருப்பப்படியான துணி இல்லை. நல்ல சீலை தீட்டாகிவிடக் கூடாது, அதனால் கிழிந்த பழைய சீலை. அந்தத் துணியைத் தொடவும் துவைக்கவும் வேறொரு சாதியின் கை. பெற்றவளுக்கும் மரியாதை இல்லை, துவைத்தவளுக்கும் மரியாதை இல்லை.

இந்தப் பழக்கத்தையும் சுமந்துகொண்டுதான் எங்கள் முன்னோர் கண்டிச் சீமைக்கு ஏறி வந்தார்கள். காப்பிக் காலத்தில் தொழிலாளிக்குத் தோட்டத்தில் கொடுக்கப்பட்ட முக்கியமான துணி கம்பளி. குளிருக்கும் அதுதான், மழைக்கும் அதுதான், படுக்கவும் அதுதான். அது இலவசமும் இல்லை. கடன் கணக்கில் ஏறும். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் இடுப்பில் படங்குச் சாக்கு ஏறியது. ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில், குடும்பமே இருக்கும் இடத்தில், சாக்கையும் பழஞ்சீலையையும் விரித்துப் பிள்ளை பெற்றார்கள். மறைப்புக்குக் கட்டியதும் இன்னொரு சீலைதான். 'என்ன உடுத்தலாம்' என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இருந்ததை உடுத்தினார்கள்.

சட்டம் வந்தது, மெதுவாக வந்தது. 1872இல் தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. 1912இல் அதைத் திருத்தி எழுதியபோது, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 30 நாள் உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும், அந்த நாட்களில் வேலைக்கு அழைக்கக் கூடாது என்பது சேர்ந்தது. 1939இல் பிரசவ நன்மைகள் சட்டம் வந்தது. இவையெல்லாம் பெரிய விஷயங்கள்தான். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, நாட்டின் இலவச சுகாதார சேவை வளர்ந்துகொண்டு போக, தோட்டச் சுகாதாரம் பல காலம் அதற்கு வெளியே துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்தது.

இந்த நேரத்தில் தோட்டத்துக்கு வெளியே என்ன நடந்தது? 1879இலேயே கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. ஆசியாவின் பழைய மகப்பேற்று மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, வீடு வீடாகப் போகும் மருத்துவமாது என்ற ஏற்பாடு பரவியது. 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1950 அளவில் அது 500 வரை இறங்கியது. இன்று தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த நாடுகளில் நாமும் ஒன்று. இதைச் சொல்லாமல் ஆஸ்பத்திரி உடுப்பைக் குறை சொல்வது நியாயமாகாது. வெந்நீரில் அவித்த துணி உயிரைக் காப்பாற்றியது.

துணிக்கும் சாவுக்கும் இருந்த தொடர்பை உலகம் கண்டுபிடித்ததே ஒரு தனிக் கதை. 1795இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் கோர்டன் என்ற மருத்துவர், பிரசவக் காய்ச்சலை ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குக் கொண்டுபோவது மருத்துவரும் மருத்துவச்சியும்தான் என்று எழுதினார். நோயாளியின் உடுப்பையும் படுக்கையையும் எரிக்க வேண்டும் அல்லது நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும், பேறு பார்ப்பவர்களும் தங்கள் உடுப்புக்குப் புகை போட வேண்டும் என்றார். ஊர் அவரை வெறுத்தது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ், மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவினாலே சாவு குறையும் என்று காட்டினார். அவரையும் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. இதைக் கவனிக்க வேண்டும்: அழுக்கு பெற்றவளின் துணியில் மட்டும் இல்லை, பேறு பார்த்த பெரிய மனிதரின் கோட்டிலும் கையிலும் இருந்தது. நம் ஊர்த் தீட்டுக் கணக்கு அழுக்கை எப்போதும் பெண் பக்கம் மட்டுமே எழுதியது. விஞ்ஞானம் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது.

அதன் பிறகுதான் அவித்துச் சுத்தம் செய்யக்கூடிய பருத்திக் கவுன் ஆஸ்பத்திரியின் அடையாளமாகியது. எல்லாருக்கும் ஒரே அளவு, முதுகுப் பக்கம் முடிச்சு. ஏன் முதுகில்? படுத்திருப்பவரை அசைக்காமல் போடவும் கழற்றவும் சுலபம். அது படுத்த நோயாளிக்காக, அவரைக் கையாளுபவரின் வசதிக்காக உண்டான உடுப்பு. பிள்ளை பெறுகிற பெண் நோயாளி இல்லை. அவள் நடப்பாள், குந்துவாள், சுவரைப் பிடித்து நிற்பாள். முதுகு திறந்த கவுனோடு நாலு பேர் முன்னால் எப்படி நடப்பது? ஆகவே படுத்தே கிடப்பாள். உடுப்பே அவளைக் கட்டிலில் கட்டிப்போட்டுவிடும்.

சில இடங்களில் நிஜமாகவே கட்டிப்போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபூர்க் நகரில் இருந்து 'அந்தித் தூக்கம்' என்ற மயக்க மருந்து முறை பரவியது. வலி நினைவில் நிற்காது, ஆனால் பெண் கட்டுப்பாடில்லாமல் துள்ளுவாள். அதற்காக அமெரிக்காவில் இரண்டு கைகளையும் ஒன்றாக இணைத்துத் தைத்த கவுன்களைப் போட்டார்கள். கை வெளியே வராது. 1958இல் அங்கே 'லேடீஸ் ஹோம் ஜேர்னல்' என்ற பெண்கள் பத்திரிகை, பிரசவ வார்டுகளில் நடக்கும் கொடுமைகளைப் பற்றிய தாய்மாரின் கடிதங்களை வெளியிட்டபோது, கை கால் கட்டப்பட்ட கதைகள் வரிசையாக வந்தன. பணக்கார நாட்டின் வசதியான ஆஸ்பத்திரிகளிலும் இதுதான் நிலைமை.

பெண்களின் கூச்சத்தை மதித்து ஆஸ்பத்திரி தன்னை மாற்றிக்கொண்ட சம்பவமும் உண்டு. சென்னையில் 1885இல் மருத்துவர் மேரி ஷார்லீப் முன்நின்று தொடங்கிய பெண்கள் மருத்துவமனையைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே மக்கள் அழைத்தார்கள். இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆண் மருத்துவர் முன் வர மறுத்த பெண்களுக்காகப் பெண்களே நடத்திய இடம். முகத்திரை போட்ட பெண்ணைப் பார்த்து 'திரையை எடுத்துவிட்டு வா' என்று சொல்லாமல், அவள் வரக்கூடிய ஒரு கட்டடத்தைக் கட்டினார்கள். ஆனால் அதன் முழுப் பெயரில் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்' என்று இருந்தது. மரியாதையும் சாதி பார்த்துத்தான் கிடைத்தது. ஒடுக்கப்பட்ட பெண்ணுக்கும் கூச்சம் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

சரி, முடிச்சு எப்போது முன்னால் வந்தது? இதற்குப் பதில் பிள்ளையிடம் இருக்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோலில் தோல் பட வைத்துக் கட்டினார்கள். குழந்தைகள் தேறின. 1991இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்தைத் தொடங்கின. பிறந்ததும் நெஞ்சில் போடு, முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடு என்பது வழக்கமாகியது. முதுகில் திறக்கும் கவுன் இதற்கு உதவாது. அதனால்தான் நம் கிளினிக் லிஸ்டில் 'முன்பக்கம் திறக்கும் நைட்டி' முதல் ஆளாக நிற்கிறது. மருத்துவரின் வசதிக்காகப் பின்னால் போன முடிச்சு, பிள்ளையின் வசதிக்காக முன்னால் வந்தது. பெண்ணின் வசதி என்ற மூன்றாவது காரணம்தான் இன்னும் வரிசையில் நிற்கிறது.

அந்த மூன்றாவது காரணத்துக்கும் ஆதாரம் உண்டு. 1985இல் பிரேசிலின் ஃபோர்த்தலேசாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, பிரசவத்துக்கு முன் மயிர் மழிப்பதற்கும் எனிமா கொடுப்பதற்கும் எந்தத் தேவையும் இல்லை, பெண்ணை நடமாட விட வேண்டும் என்று சொன்னது. 2018இல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், மரியாதையான கவனிப்பு, அந்தரங்கம், விரும்பிய துணை ஆள், விரும்பிய நிலையில் பெறுவது ஆகிய எல்லாவற்றையும் பரிந்துரைக்கிறது.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனை தாண்டினால் பிலிமத்தலாவை. பித்தளைச் சாமான் கடைகளுக்குப் பெயர் போன ஊர். 1980இல் திறந்த பேராதனை போதனா வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி எதிலும் சிங்களப் பெண், முஸ்லிம் பெண், தோட்டத்துத் தமிழ்ப் பெண் என்று எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுப்பார்கள். டவுனில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி பஸ் தூரம். மலைக்கு மேல் டிவிசனில் இருப்பவர் தோட்டத்து லொறியில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி வர வேண்டியிருக்கும். அவரிடம் 'எந்த நைட்டி வசதி?' என்று கேட்டால் சிரிப்பார். லிஸ்டில் இருப்பதை வாங்கும் காசே அவருக்கு ஒரு கைக்காசுச் சம்பளம்.

வார்டில் தாலிக் கொடியையும் வளைகாப்பு வளையலையும் கழற்றச் சொன்னால் அவர் பயந்துபோவார். அதற்குக் காரணம் உண்டு. கை வீங்கினால் வளையல் இறுக்கும். சத்திரசிகிச்சையில் மின்சாரக் கருவி பாவிக்கும்போது உலோகம் பட்டால் சூடு படலாம். நகப்பூச்சு இருந்தால் ஒட்சிசன் அளவு சில வேளை சரியாகத் தெரியாமல் போகலாம். கை தளர்வாக இருந்தால்தான் பிரஷர் பட்டி கட்டவும் சேலைன் ஏற்றவும் முடியும். இதெல்லாம் இரண்டு நிமிடத்தில் விளங்கப்படுத்தக் கூடிய விஷயங்கள். ஆனால் விளங்கப்படுத்துபவருக்குத் தமிழ் வராது, கேட்பவருக்குச் சிங்களம் வராது என்றால், மிச்சமாவது சைகையும் அதட்டலும்தான். தமிழ் 1987இலேயே அரசகரும மொழியானது. லேபர் ரூம் கட்டில் வரைக்கும் அது வந்து சேர்ந்துவிட்டதா என்பதை அங்கே படுத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

முக்காடு போடும் முஸ்லிம் சகோதரிக்கும் இதே கதைதான். தலையை மூடிக்கொண்டு பெறுவதால் எந்த மருத்துவத்துக்கும் இடைஞ்சல் இல்லை. சத்திரசிகிச்சை அறையில் எல்லாரும் தலையில் தொப்பி போட்டுத்தானே இருக்கிறார்கள்?

எனவே கர்ப்பமாக இருக்கும் அக்காமாருக்கும் தோழிகளுக்கும் நாங்கள் சொல்வது இதுதான். தளர்வான பருத்தித் துணி, முன்னால் பொத்தான், முழங்காலுக்குக் கீழ் வரும் நீளம், அகலமான கை. நடக்க இன்னொரு சீத்தைத் துணி இடுப்பில். குளிர் பிரதேசம், சொக்ஸ் மறக்க வேண்டாம். பழையது கட்டாயமில்லை, பிடித்த நிறத்தில் ஒன்று இருக்கட்டும். 'தீட்டுப் படும்' என்று யாராவது சொன்னால், கோர்டன் கதையைச் சொல்லுங்கள். வார்டில் அவர்களுடைய கவுனைத்தான் போட வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். மேலே ஒரு துணி போர்த்திக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள்.

எங்களைப் போன்ற இளைஞர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் பக்கத்து கிளினிக்கில் கொடுக்கும் லிஸ்ட் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் குடும்ப நல மாதுவிடம் கேட்டு, மொழிபெயர்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். காசில்லாத வீட்டுக்கு இரண்டு நைட்டியும் நாலு வெள்ளைத் துணியும் சேர்த்து அனுப்புவது ஒரு சிறிய கூட்டத்தால் முடியாத காரியமில்லை. ஆண்களும் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் எல்லாருமே ஏதோ ஒரு பழஞ்சீலையின் மேல் வந்து விழுந்தவர்கள்தான்.