தொகைநாடகம் ஒன்றன் எச்சம்: ‘அவுட் ஆஃப் தி அன்னோன்’ தொடரின் வரலாறு

பலர் யாத்த தனிச்செய்யுள்களை ஒரு நெறிப்படக் கோத்து வைப்பது தொகை எனப்படும். இந்நெறி ஏட்டிற்கே உரியது அன்று. தொலைக்காட்சியும் இதனை மேற்கொண்டது. கிழமைதோறும் வேறு கதை, வேறு மாந்தர், வேறு களம். பொருள் ஒன்றே தொகுப்புக்கு நூலாக நிற்கும். அறிவியற்கதையைப் பொருளாகக் கொண்டு இங்கிலாந்தில் எழுந்த இத்தகைய தொகைகளுள் ‘அவுட் ஆஃப் தி அன்னோன்’ தலையாயது. பி.பி.சி. நிறுவனத்தின் இரண்டாம் அலைவரிசையில் 1965 அக்டோபர் 4 ஆம் நாள் தொடங்கிய இத்தொடர், 1971 வரை நான்கு பகுதிகளாக 49 நாடகங்களை வழங்கிற்று.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1962-இல் தனியார் தொலைக்காட்சியில் ‘அவுட் ஆஃப் திஸ் வேர்ல்டு’ என்னும் 13 நாடகங்கள் ஒளிபரப்பாயின. அதன் கதைப் பதிப்பாசிரியர் ஐரின் ஷூபிக் என்னும் அம்மையார். பின்னர் பி.பி.சி.யில் புதிய தொகையின் முதலிரு பகுதிகளையும் உருவாக்கியவர் அவரே. அச்சில் வந்த நல்ல கதைகளைத் தேர்ந்து நாடகமாக்குதல் அவர்தம் கொள்கை. ஜான் விண்டம், ஐசக் அசிமோவ், பிரெடெரிக் போல் முதலியோர் படைப்புகள் இவ்வாறு அரங்கேறின.

இக்கொள்கையின் சிறப்பை விளக்க ஒரு சான்று அமையும். ஈ. எம். பார்ஸ்டர் 1909-இல் எழுதிய ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ என்னும் கதை 1966-இல் நாடகமாயிற்று. மண்ணடியில் தனித்தனி அறைகளில் வாழும் மாந்தர், எந்திரத்தின் வழியாகவே உரையாடி, அதனையே தெய்வமெனப் போற்றி, அது நின்றபோது மடிவதே அதன் பொருள். டிரியெஸ்டே நகரில் நிகழ்ந்த அறிவியற்கதைத் திரைப்பட விழாவில் 1967-இல் அந்நாடகம் பரிசு பெற்றது.

ஷூபிக் வேறு பணிக்குச் சென்றபின் ஆலன் பிரோம்லி பொறுப்பேற்றார். 1969-இல் மூன்றாம் பகுதி வண்ணத்தில் வந்தது. 1971-இல் வந்த நான்காம் பகுதி அறிவியற்கதையை விட்டு, உளநடுக்கமும் அச்சமும் விளைக்கும் கதைகளின்பாற் சாய்ந்தது. அத்துடன் தொடரும் முடிவுற்றது.

இனி இழப்பைக் கருதுவோம். அந்நாளில் ஒளிநாடா விலைமிக்கது. பதிந்ததை அழித்து மீண்டும் பயன்படுத்தல் வழக்கம். மறு ஒளிபரப்புக்கு ஒப்பந்தங்கள் இடம் கொடாமையின், பழைய பதிவுகளைப் பேணுவது வீண்செலவாகத் தோன்றிற்று. ஆகவே 49 நாடகங்களுள் முழுமையாக எஞ்சியவை 20 மட்டுமே. முதற்பகுதியின் 12-இல் 10 உள. இரண்டாம் பகுதியின் 13-இல் 4 உள. மூன்றாம் பகுதியின் 13-இல் ஒன்றே உளது. நான்காம் பகுதியின் 11-இல் 5 உள. முன்னோடித் தொடரிலோ அசிமோவின் ‘லிட்டில் லாஸ்ட் ரோபோ’ ஒன்றே தப்பியது.

இக்கணக்கு உணர்த்துவது யாது? எஞ்சுதற்குத் தகுதி காரணமன்று என்பதாம். பிந்திய வண்ண நாடகங்கள் மறைய, முந்திய கருப்பு வெள்ளை நாடகங்கள் நிற்கின்றன. அசிமோவின் படைப்புகள் ஆறு இத்தொடரில் நாடகமாயின. இரண்டே முழுமையாக உள்ளன. அவ்வாறு கதைகளும் நூல்வடிவில் நிலைத்திருக்க, அவற்றுக்கு நடிகரும் இயக்குநரும் தந்த உரை மறைந்தது.

மறைந்தவற்றுள் 1967 ஆம் ஆண்டு முதல் நாளில் ஒளிபரப்பான ‘தி பிராபெட்’ குறிப்பிடத்தக்கது. படம் இல்லை; எனினும் எந்திர மனிதர் பாடும் பாடலுக்காக டீலியா டெர்பிஷையர் அமைத்த மின்னிசை இசைத்தட்டில் வாழ்கிறது. அவ்வெந்திர மனிதரின் உடைகளோ வண்ணம் மாற்றப்பெற்று, 1968-இல் ‘டாக்டர் ஹூ’ தொடரில் தோன்றின. ஏடு செல்லரித்தபின் மேற்கோளால் மட்டும் அறியப்படும் நூலின் நிலை இதுவே.

ஆதலின் இத்தொடரை மதிப்பிடுவோர் எச்சத்தை முழுமையெனக் கொள்ளலாகாது. ஒரே நாடகத்தைக் கொண்டு மூன்றாம் பகுதியை எடையிடுதல் முறையன்று. எஞ்சிய 20 நாடகங்களும் 2014-இல் குறுவட்டுகளாக வெளிவந்தமை நன்று. ஆயின் மூலக்கதை கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது என்னும் ஆறுதல், நாடகமும் இருக்கிறது என்னும் மயக்கத்தைத் தரலாகாது. கதை ஒரு படைப்பு. அதன் அரங்கேற்றம் மற்றொரு படைப்பு. பின்னதைக் காவாதார், அது பிறந்த காலத்தின் அச்சத்தையும் கனவையும் காட்டும் சான்றை இழந்தவராவர்.