கடன் கோட்டில் ஏறிய கதை



−3/4, −1/2 இரண்டில் எது பெரியது? தரம் 7, 8 பிள்ளைகள் பலர் −3/4 என்றுதான் எழுதுகிறார்கள். கொப்பியைப் பார்த்ததும் வாப்பாமார் ஏசுவதும், உம்மாமார் ரியூசன் தேடுவதும் ஊரில் வழக்கம். ஏசுவதற்கு முதல் இந்த எண்களின் பழைய கதையைக் கொஞ்சம் வாசியுங்கள்.

பின்னம் நமக்குப் புதிதல்ல. மீராஸ் கணக்கு முழுக்கப் பின்னம்தான். பிள்ளைகள் உள்ள ஒருவர் மௌத்தானால் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. இதைப் பங்கிட உலமாக்கள் சொத்தை 24 பங்காக வைப்பார்கள்: மனைவிக்கு 3, தாய்க்கு 4. வகுப்பில் 'பொதுப் பகுதி எடு' என்று நாம் சொல்வது இதைத்தான். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல் குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலிலும் பெரும் பகுதி வாரிசுரிமைக் கணக்குகளே. ஆனால் அவ்வளவு பெரிய அறிஞரும் ஒரு சமன்பாட்டின் விடையாக மறை எண்ணை ஏற்கவில்லை.

மறை எண் பல இடங்களில் கடன் என்ற பெயரில்தான் நுழைந்தது. 628இல் இந்தியாவில் பிரம்மகுப்தர் நேர் எண்ணைச் செல்வம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் அழைத்து விதிகள் எழுதினார். சீனர்கள் அதற்கும் முன்பே நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சியும் மறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சியும் வைத்தார்கள். (இன்றைய கணக்குப் புத்தகத்துக்கு நேர் எதிர்!)

எனக்கு மிகவும் பிடித்தவர் 940இல் பிறந்த அபுல் வபா அல் பூஸ்ஜானி. எழுத்தர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அவர் எழுதிய கணக்கு நூலில் 3ஐ 5ஆல் பெருக்க ஒரு சுற்று வழி உண்டு. 3இலிருந்து 5ஐக் கழித்தால் '2 கடன்'. அதை 10ஆல் பெருக்கினால் '20 கடன்'. 3க்கும் 5க்கும் 10ஐ எட்டத் தேவையானவை 7உம் 5உம். அவற்றின் பெருக்கம் 35. அதில் 20 கடனைத் தீர்த்தால் 15. கடைக்கணக்கு தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

ஆனால் கடனுக்கு ஒரு சிக்கல் உண்டு. கூட்டவும் கழிக்கவும் அது போதும். எது பெரியது என்று கேட்டால் குழப்பும். 750 ரூபா கடன் 500 ரூபா கடனைவிடப் பெரிய கடன்தானே? பிள்ளையும் அப்படித்தான் பார்க்கிறது.

இந்த இடத்தில் பெரியவர்களும் தடுமாறினார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அந்துவான் ஆர்னோ கேட்டார்: 1க்கு −1 எந்த விகிதமோ, −1க்கு 1 அதே விகிதம் என்கிறீர்கள், சிறியதற்குப் பெரியதும் பெரியதற்குச் சிறியதும் எப்படி ஒன்றாகும்? இங்கிலாந்தின் ஜோன் வாலிஸ், மறை எண்ணால் வகுத்தால் முடிவிலியைவிடப் பெரிய எண் வரும் என்றே எழுதினார்.

அதே வாலிஸ்தான் 1685இல் வெளியான தன் அட்சரகணித நூலில் ஒரு மனிதனைக் கோட்டில் நடக்க விட்டார். அவன் 5 யார் முன்னே போய் 8 யார் பின்னே வருகிறான். எவ்வளவு முன்னேறினான்? −3 யார். அதாவது தொடங்கிய இடத்துக்கு 3 யார் பின்னால் நிற்கிறான். கடன் இப்போது ஓர் இடமாகிவிட்டது. பிரம்மகுப்தரிலிருந்து இங்கு வர ஆயிரம் வருடத்துக்கு மேல்!

இடம் என்று வந்தபின் ஒப்பிடுவது இலகு. எண்கோட்டில் வலப்பக்கம் உள்ளதே பெரியது. 0க்கும் −1க்கும் இடையை நான்கு சம பங்காகப் பிரியுங்கள். 0இலிருந்து இடப்பக்கமாக இரண்டாவது குறி −1/2, மூன்றாவது −3/4. ஆகவே −1/2தான் பெரியது. 750 ரூபா கடன்காரர் 500 ரூபா கடன்காரரைவிடப் பின்னால் நிற்கிறார், அவ்வளவுதான்.

−2/3 எங்கே வரும்? நான்கு பங்கில் அது குறியில் விழாது. 12 பங்காகப் பிரித்தால் −1/2 என்பது −6/12, −2/3 என்பது −8/12, −3/4 என்பது −9/12. மூன்றும் வரிசையில் வந்துவிடும். மீராஸில் 1/4உம் 2/3உம் சேர்ந்து வரும்போது எடுக்கும் அதே 12தான் இது.